ஊசி தைத்த ஆறு கோட்டு

என் இளைய மருமகளுக்குத் தெருவில் ஊசி என்று பெயர். ஆள் ஒல்லி என்பதால் பாதி, வாய் அப்படி என்பதால் மீதி. மாமியார் மருமகளைப் பற்றி நல்லதாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் அவளுக்கு ஒன்பது வருட வேலை. அவள் அளவெடுப்பதைப் பார்க்க வேண்டும். பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, நேராக நில், கையைக் கீழே விடு, ஆடாதே என்று மூன்றே வார்த்தை சொல்வாள். எந்த வாலும் சுருண்டுகொள்ளும். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. கடையை விட்டுவிட்டு எங்கள் முன்னறையில் சொந்தமாக மெஷின் போட வேண்டும். பெரிய வேலை ஒன்று கைக்கு வரட்டும், அப்புறம் விடு என்று என் மகன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். எங்கள் வீட்டு ஆண்கள் குளிக்கிற வாளியில்கூட ஆழம் பார்த்துத்தான் கையை விடுவார்கள்.

அந்தப் பெரிய வேலை துறைமுக நகரத்திலிருந்து வந்தது. ரயிலில் இரண்டரை மணி நேரத் தூரம். பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் பேர்போன ஊர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பகல் பன்னிரண்டு மணிக்குக் கடலோர மண்டபத்தில் பேண்டு வாசிப்பார்கள். அந்தப் பேண்டு மாஸ்டரின் தங்கை எங்கள் தெருவில் குடியிருக்கிறாள். அவள் பிள்ளையின் சீருடையைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்த்த மாஸ்டர் ஊசியைத் தேடி வந்தார். முதலில் ஆறு பேருக்குக் கோட்டு, அது மேடையில் சரியாக இருந்தால் மீதிப் பதினெட்டும் உனக்கு, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று பேச்சு. ஆறு பேரும் ஒரு நாள் வந்து எங்கள் சுவரோரம் நின்றார்கள். நேராக நில், கையைக் கீழே விடு. மீசை வைத்த ஆண்பிள்ளைகள் மூன்றாம் வகுப்புப் போல நின்றதைப் பார்த்து நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன்.

கோட்டு கொண்டுபோகிற ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்றேன். முட்டி வலியோடு எதற்கு என்றாள். முட்டியும் என்னுடையது, வலியும் என்னுடையது என்று முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

கருநீலக் கோட்டு, பொன் நிறப் பொத்தான். மடித்தால் கசங்கும் என்று ஆறையும் ரயில் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் சும்மா இருக்க முடியாமல் கேட்டார்.

"ஆறு மாப்பிள்ளைக்குமா ஒரே நாள்ல கல்யாணம்?"

"பொண்ணு ஒண்ணுதான். அதான் யாருக்குன்னு இன்னும் முடிவாகல" என்றாள் ஊசி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். அவர் அடுத்த நிலையத்தில் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

அந்த ஊரில் இறங்கியதுமே காது நிறைந்துவிட்டது. மீன் வாடையும் டீசல் வாடையுமாக ஒரு தெரு. அதில் மாடிக்கு மாடி யாரோ ஏதோ வாத்தியம் பழகுகிறார்கள். ஒரே வரியை ஒருவர் மாடியில் தப்பாக வாசிக்க, எதிர்மாடிக்காரர் அதையே சரியாக வாசித்துக் காட்டுகிறார். வாயால் ஒரு சண்டை கிடையாது. சரக்கு இறக்குகிறவர்கள்கூட மூட்டையைத் தாளத்துக்குத்தான் கைமாற்றினார்கள். நின்று கேட்கலாம் என்றால் ஊசி என் கையை இழுத்துக்கொண்டே நடந்தாள்.

பேண்டு அறை சுங்கக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. பத்து மணிக்கு ஆறு பேரும் கோட்டைப் போட்டார்கள். தைத்ததுபோல இல்லை, வார்த்ததுபோல இருந்தது. மாஸ்டர் தோளைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். ஊசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முன்னறையில் மெஷினை எந்த மூலையில் போடுவது என்று அப்போதே எனக்கு யோசனை ஓடியது.

அப்புறம்தான் வாத்தியத்தைக் கையில் எடுத்தார்கள்.

எக்காளம் ஊதுகிற மூன்று பேர் கையைத் தூக்கினதும் கோட்டு அப்படியே நெஞ்சுக்கு ஏறி, உள்சட்டை வெளியே வந்துவிட்டது. நீளப் பித்தளைக் குழலை முன்னும் பின்னும் இழுத்து ஊதுகிறவர் ஒருவர், பார்க்கத் தூண் மாதிரி இருப்பார். அவர் கையை நீட்டினார், பாதியிலேயே நின்றுவிட்டது. வேறு ஆள் தைத்திருந்தால் தையலாவது பிரிந்து வழிவிட்டிருக்கும். ஊசியின் தையல் பிரியாது, அதுதான் வினை. குழல் எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டாமல், கன்றைக் காணாத மாடுபோலக் கத்தியது. கறுப்புக் குழல் வாசிக்கிற இரண்டு பேர் மட்டும் கையைத் தாழ வைத்திருந்ததால் தப்பினார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் அலமாரியைத் திறந்து, பழைய கோட்டையே போட்டுக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொன்னார்.

ஊசிக்கு நாக்கு எழவில்லை. நான் இந்த வீட்டுக்கு அவளைக் கூட்டிவந்த நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அவள் காதோரம் போய்ச் சொன்னேன்.

"ஒன்பது வருஷமா சும்மா நிக்கிற பிள்ளைக்கே அளவெடுத்துப் பழகிட்ட. இவங்க நிக்கவா வந்தாங்க? ஊதச் சொல்லிப் பாருடி."

அவளுக்கு உயிர் வந்தது. இழுத்து ஊதுகிறவரை முழுசாக ஊதச் சொல்லி, அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். துணி எங்கே இழுக்கிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். எல்லாம் அக்குள்தான். அங்கே உள்ளங்கை அகலம் ஒரு துண்டு வைத்தால் கை எழும்பும். துணிக்கு எங்கே போவது என்று மாஸ்டர் கேட்டார். அவள் கோட்டின் அடிமடிப்பைப் புரட்டிக் காட்டினாள். உள்ளே நான்கு விரல் துணி மடக்கி வைத்திருந்தாள். பள்ளிச் சட்டைப் பழக்கம். பிள்ளை வளர்ந்தால் பிரித்து விடுவதற்காக.

"இவங்க இனிமே வளர மாட்டாங்கம்மா" என்றார் மாஸ்டர்.

"வளர மாட்டாங்க. ஆனா ஊதுறாங்களே" என்றாள் ஊசி.

பழைய வாய் திரும்பிவிட்டது. பதினொன்றே முக்கால் வரை நேரம் என்றார் மாஸ்டர்.

பக்கத்துச் சந்தில் கப்பலுக்குக் கொடி தைக்கிறவர் கடை இருந்தது. நான்கு கோட்டையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான் ஓடினேன் என்றால் என் மகன் நம்புவதில்லை, ஊசி சாட்சி. கொடிக்காரர் சிவப்பும் மஞ்சளுமாகத் துணிக்குள் புதைந்து கிடந்தார். கோட்டைப் பார்த்ததுமே கேட்டார்.

"பேண்டுக்காரங்களுக்கா? கையைத் தூக்கச் சொல்லி அளவெடுத்தியா, தங்கச்சி?"

"இல்லண்ணே."

மனிதர் இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். அப்புறம் முக்காலியை விட்டு எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார். நான் பிரித்தேன், அவர் வெட்டினார், அவள் தைத்தாள். கோட்டுக்கு இரண்டு துண்டு, மொத்தம் எட்டு. ஏழாவது துண்டில் நூல் அறுந்தபோது கொடிக்காரரும் நானும் சேர்ந்தே ஐயோ என்றோம். ஊசி மட்டும் நிமிரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மண்டபத்தைச் சுற்றி நல்ல கூட்டம். படகில் இருந்தவர்கள் படகிலேயே நின்று கேட்டார்கள். வாத்தியம் அத்தனையும் ஒன்றாக எழும்பியதும் எனக்குப் புல்லரித்தது. பக்கத்தில் ஊசி எதையும் கேட்கவில்லை. மேடையில் நான்கு ஜோடி அக்குளை மட்டும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எக்காளம் எழுந்தது, கோட்டு எழவில்லை. இழுத்து ஊதுகிறவர் கையை நீட்டினார். கடைசி வரைக்கும் போனது. அந்த ஓசை கடலைத் தாண்டிப் போயிருக்கும். அப்போதுதான் அவள் என் தோளில் சாய்ந்தாள்.

வாசித்து முடித்து வேர்வையோடு இறங்கி வந்த மாஸ்டர், மீதிப் பதினெட்டுக்கு எப்போது அளவெடுக்கலாம் என்று கேட்டார்.

"எப்ப வேணா அனுப்புங்க. வெறுங்கையோட மட்டும் வரக் கூடாது" என்றாள் ஊசி.

திங்கட்கிழமை சீருடைக் கடையில் வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். என் மகனே மெஷினைத் தூக்கிவந்து முன்னறையில், நான் சொன்ன மூலையில், போட்டான். அடுத்த வாரம் பதினெட்டுப் பேரும் வாத்தியத்தோடு வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய் முழுமூச்சாக வாசிக்க, ஊசி நாடாவோடு சுற்றி வந்தாள். தெருவே வேலையைப் போட்டுவிட்டு வாசலில் கூடிவிட்டது. பெரிய மேளக்காரரால் மட்டும் எங்கள் கதவுக்குள் நுழைய முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார், பின்பக்கமாகப் பார்த்தார், மேளம் உள்ளே வரமாட்டேன் என்றது. கடைசியில் அவரைத் தெரு நடுவில் நிறுத்தி, ஆசை தீர அடிக்கச் சொல்லித்தான் அளவெடுத்தாள்.