கூரை வழியே வந்த சப் இன்ஸ்பெக்டர்

மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே நீள ஓட்டுக் கூரை. நடுச்சுவர்கள் பொது. பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் நாங்கள் தும்முவோம். கொச்சி ராஜ்யம், திருவிதாங்கூர்-கொச்சி, கேரளம் என்று மூன்று ஆட்சிகளை வீடு மாறாமலே பார்த்தவன் நான். எதையும் ஆண்டு, மாதத்தோடு நினைவில் வைத்துக்கொள்வது என் பழக்கம். இந்தச் சம்பவத்துக்கு மட்டும் ஆண்டு நிச்சயமில்லை. கர்க்கடகத்தின், அதாவது ஆடியின், கடைசி வாரம், ஏகாதசி என்பதில் சந்தேகமே கிடையாது. நயா பைசா வந்த பிறகும் சந்தையில் அணாக் கணக்கே பேசிக்கொண்டிருந்த காலம். அறுபதுக்குச் சற்று முன்பின்னாக இருக்கலாம்.

அடுத்த வீட்டுக்காரர் ஒரு சுக்கு வியாபாரக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டாள், மகள் பம்பாயில். தனியாகவே சமைத்துச் சாப்பிட்டார். கர்க்கடகம் பிறந்தால் மாதம் முழுவதும் காலையில் ராமாயணப் பாராயணம். கணீரென்ற குரல். என் மனைவி அந்த நேரத்தில் நடுச்சுவரை ஒட்டி உட்கார்ந்து காய் நறுக்குவாள். புத்தகம் அவர் கையில் இருந்தாலும் கதை இரண்டு வீட்டிலும் நடந்தது.

அவர் வீட்டு வாசல் கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஊரில் ஒரு தகராறு நடந்தபோது, யாரையோ தேடி வந்த போலீஸ் எங்கள் தெருவில் கதவுகளை உதைத்துத் திறந்தது. அவர் வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. மனைவி அப்போது காய்ச்சலில் படுத்திருந்தாள். பூட்ஸ் காலோடு பூஜை அறைவரை போனார்கள். அடுத்த வாரமே பழைய கதவைக் கழற்றிவிட்டுக் கனமான பலாமரக் கதவு போட்டார். உள்ளே குறுக்கே ஓர் இரும்புப் பட்டை. இனி ஒரு போலீஸ்காரன் இந்தப் படி தாண்ட மாட்டான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

அந்த ஏகாதசிக் காலையில் அவர் குரல் கேட்கவில்லை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏகாதசியன்று அவர் சில சமயம் மௌன விரதம் இருப்பதுண்டு. ஒரு முறை விரதத்தின் நடுவே கதவைத் தட்டிய பால்காரர் மறுநாள் வாங்கிக் கட்டிக்கொண்டதை எல்லோரும் அறிவார்கள்.

என் மனைவி மட்டும் அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நேத்திக்கு மாமா எங்க நிறுத்தினார் தெரியுமோ? யுத்தத்துல தம்பி மூர்ச்சையாகிக் கிடக்கற எடத்துல."

"மழை வந்துதே. எழுந்து போயிருப்பார்."

"போனா திரும்பி வந்து தம்பி கண் முழிக்கற வரைக்கும் வாசிச்சிருப்பார். அந்த எடத்துல யாராவது பொஸ்தகத்தை மூடுவாளா?"

மூட மாட்டார்கள். அமங்கலமான கட்டத்தில் அன்றைய பாராயணத்தை முடிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. தொண்டை கட்டினாலும் நல்ல இடம் வரும்வரை வாசித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். நான் போய்க் கதவைத் தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கொல்லைப்புறத்தில் உயரமான மதில், அந்தக் கதவும் உள்ளே தாழிட்டிருந்தது. ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அங்கிருந்த சப் இன்ஸ்பெக்டர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். பாராயணம் பாதியில் நின்றது என்று புகார் கொண்டுபோனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் சிரிக்கவில்லை. தன் வீட்டிலும் அம்மா வாசிப்பதாகச் சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டார். கிளம்பும் முன் தீயணைப்புப் படையிடம் ஏணியோடு ஓர் ஆள் கேட்டு போன் செய்தார்.

வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. எதிர்வீட்டு வக்கீல் குமாஸ்தா முன்னால் வந்து தடுத்தார். குற்றவாளியைப் பிடிக்கப் போலீஸ் உள்ளே போகலாம், வாரண்டோடு சோதனை போடலாம், விரதத்தில் இருக்கிறவரைப் பார்க்கச் சட்டத்தின் எந்தப் பிரிவில் உள்ளே போவீர்கள் என்றார். கேள்வி நியாயமானது. பழைய உதைகளை அவரும் மறக்கவில்லை.

"பிரிவு இல்ல சாமி," என்றார் சப் இன்ஸ்பெக்டர். "நல்லெண்ணத்தோட ஒருத்தன் நன்மைக்குச் செஞ்சா தண்டனை இல்லன்னு மட்டும் சட்டத்துல இருக்கு. அவர் விரதத்துல இருந்தா, என்மேல பிராது எழுதறதுக்கு நீங்களே உதவி செய்யுங்க."

பிற்பாடு நான் தேடிப் படித்துப் பார்த்தேன். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு. சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்த செயல் குற்றமாகாது என்கிறது. உள்ளே போகும் அதிகாரத்தை அது தருவதில்லை. போனவனைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். அதற்கும் அவன் முதலில் போயிருக்க வேண்டும். அந்த மனிதர் இதைத் தெரிந்துகொண்டே போனார் என்பதுதான் இன்றும் எனக்கு வியப்பு.

கோடரி கொண்டு வரட்டுமா என்று தீயணைப்பு வீரர் கேட்டார். சப் இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டிப் பார்த்து, ஒரு வீட்டுக்கு எதற்கு இவ்வளவு கனம் என்று என்னிடம் விசாரித்தார். சொல்லத் தயங்கினேன். பிறகு சொன்னேன். அவர் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப கதவைத் தொட வேண்டாம். ஓட்டைப் பிரிங்க."

ஏணி எங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்தது. தீயணைப்பு வீரர் ஓடுகளை ஒவ்வொன்றாக உருவி, உடையாமல் கூரைமேலேயே அடுக்கினார். இறங்கப் போனவரைச் சப் இன்ஸ்பெக்டர் தடுத்தார். நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான், முதலில் என் கால்தான் உள்ளே படவேண்டும் என்றார். பிறகு எங்கள் வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். குமாஸ்தாவையும் என்னையும் சாட்சியாக நிற்கச் சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார்.

சற்று நேரத்தில் இரும்புப் பட்டை நகரும் சத்தம் கேட்டது. கதவு உள்ளிருந்து திறந்தது.

கிழவர் அடுக்களைத் தரையில் கிடந்தார். முந்தின நாள் மழையில் கூரை ஒழுகவும், பாத்திரம் வைக்க எழுந்து போனவர் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. ஓட்டின்மேல் கொட்டிய மழையில் அது எங்களுக்குக் கேட்கவே இல்லை. உயிர் இருந்தது. சப் இன்ஸ்பெக்டர் கொடியிலிருந்த உலர்ந்த வேட்டியால் அவரைப் போர்த்தி, தலையைத் தன் மடியில் தாங்கி, என் மனைவி கொடுத்த தண்ணீரைத் துளித்துளியாக விட்டார். கிழவர் அந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்தார். பிறகு வெறுங்கால்களைப் பார்த்தார்.

ஜீப்பில் எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னொரு நாள் தாமதித்திருந்தால் பயனில்லை என்று அங்கே டாக்டர் சொன்னாராம். அடுத்த மழைக்குள் தீயணைப்பு வீரர் ஓடுகளைத் திரும்ப வேய்ந்தார். ஒழுகின இடத்தில் எங்கள் வீட்டிலிருந்து புது ஓடு கேட்டு வாங்கிச் செருகினார். என் மனைவி, பலகைமேல் திறந்தபடி கிடந்த புத்தகத்தின் முன் உட்கார்ந்து, தம்பி கண் விழிக்கும்வரை வாசித்து முடித்தாள்.

அவர் வீடு திரும்ப மாதங்கள் ஆயின. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியவில்லை. போலீஸைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதாகவும் எனக்கு நினைவில்லை. ஆனால் அடுத்த கர்க்கடகத்துக்கு முன்பே ஆசாரியைக் கூப்பிட்டு இரும்புப் பட்டையைக் கழற்றச் சொன்னார். அதற்குப் பதிலாக ஒரு சின்னக் கொக்கி. வெளியிலிருந்து விரல் விட்டுத் தூக்கலாம்.

அந்தக் கர்க்கடகப் பாராயணம் முடிந்த நாளில் பாயசத் தூக்கை என்னிடம் கொடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்பினார்.

"கொக்கி போட்டிருக்குன்னு அவன்கிட்ட சொல்லு. ஏணியெல்லாம் வேண்டாம்."

நான் போய்ச் சொன்னேன். சப் இன்ஸ்பெக்டர் தூக்கின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"அப்ப அந்தக் குமாஸ்தா சாமிகிட்ட சொல்லிடுங்க, இனிமே பிரிவு தேட வேண்டாம்னு," என்றார்.