பக்கத்தில் வந்து உட்காரும் முதலாளியம்மா

சரவணம்பட்டிக்குச் சமையல் வேலைக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாத ஒன்று, முதலாளியம்மா விடிகாலையில் சமையற்கட்டுக்கு வந்து, அரிவாள்மணையைப் போட்டு என் பக்கத்தில் வெங்காயம் அறுக்க உட்காருவதுதான். ஐடி கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் அது. கட்டடமே அவருடையது. அப்படிப்பட்டவர் ஏன் தரையில் உட்கார வேண்டும்?

எங்கள் ராமநாதபுரம் பக்கம் ஆள் வைத்தவர் வேலையைத் தொடமாட்டார். தள்ளி நின்று சத்தம் போடுவார். அவரே கரண்டியைக் கையில் எடுத்தால், நாளையிலிருந்து வராதே என்று அர்த்தம். ஊரில் கல்யாண வீடுகளுக்குப் பந்தி பந்தியாக ஆக்கிப் போட்டவள் நான். உப்பை ருசி பார்த்ததே இல்லை, கை தானாக அள்ளும். இங்கே அந்த அம்மா உட்கார்ந்ததும் அந்தக் கை வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. போட்ட உப்பையே மறுபடி போட்டேன். உப்புமா கட்டி தட்டியது. பிள்ளைகள் பாதித் தட்டோடு எழுந்து போனார்கள். இந்த வேலையும் போனால், புருஷன் இல்லாதவள் தம்பி வீட்டில்தான் போய் ஒண்ட வேண்டும். அதை நினைக்க நினைக்கச் சமையல் இன்னும் கெட்டது.

ரசமும் கரித்த அன்று, வாயைத் திறந்தேன். “நானே போயிர்றேம்மா.”

“ஏனுங்க, ஊட்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா?”

“நீங்களே வந்து உக்காந்து அறுக்குறீக. என் வேலை சரியில்லன்னு எனக்குத் தெரியாதா?”

அவர் சிரித்துவிட்டார். “அட, தோட்டத்துல ஆளுக எறங்குனா எங்கப்பாவும் கூட எறங்குவாருங்க. நாங்க சும்மா உக்காந்திருந்தா வைவாரு. அந்தப் பழக்கமுங்க. உங்களைப் பாக்க நான் வரலீங்க. நீங்க அறுக்கற வேகத்துக்கு நாந்தான் பயந்துட்டு அறுக்கறேன்.”

அன்று மத்தியானம் நான் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். மறுநாளிலிருந்து உப்பு சரியாக விழுந்தது. புதிதாக எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. என்னால் ஆகும் என்ற நினைப்பு போயிருந்தது, அது திரும்பி வந்தது, அவ்வளவுதான். பிறகு பீளமேட்டில் திறந்த ஹாஸ்டலின் சமையலையும் அவர் என் பொறுப்பில் விட்டார். ஊர் விட்டு வந்து வேலை பார்ப்பவர்களே, மனசுக்குள் வைத்துப் புழுங்காமல் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

போன தை மாதம் தம்பி மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். சமையலுக்கு வந்தவள் தனியாகக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். யோசிக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்தேன். அவள் கை அப்படியே நின்றது.

“ஏன்க்கா, என் வேலை பிடிக்கலையா?”

காயை நறுக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல், கல்யாண வீட்டுக்காரியாக அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.