எடுத்து வைத்த சீல்கள்

றப்பர் சீல் வியாபாரத்தில் ஒரு விசித்திரம்: வாங்கியதைப் பாவித்து முடித்துவிட்டு வருகிறவர் எவருமில்லை, பாவிக்காமலே அடுத்ததை வாங்கத்தான் வருவார்கள். கந்தோரில் கடிதங்களுக்கு அடிக்கிற சீலைச் சொல்லவில்லை. பூ, பறவை, இலை என்று கார்ட்டில் படம் பதிக்கிற சீல்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடல் தெரிகிற தெருவொன்றில், மைப் பெட்டி, றிபன், தடித்த கடதாசி எல்லாம் சேர்த்து ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். அலுமாரியின் கீழ்த்தட்டில் பிரிக்காத பொட்டலங்கள் வைத்திருக்கிற ஆள் நீங்கள் என்றால், நான் சொல்லப்போவது உங்களுக்கு விளங்கும்.

பார்சல் வந்த நாள்

கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சல் வரும் நாள் ரஜினியக்காவுக்கு எப்படித்தான் தெரியுமோ! நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்குகிற வேலை அவருக்கு. வேலை முடிந்த கையோடு பஸ் ஏறி வந்துவிடுவார். நான் பெட்டியை வெட்டும்போது பக்கத்தில் நின்று புது றப்பர் மணத்தை ஆசையாக இழுப்பார்.

அன்றைக்கு வந்தது மல்லிகைச் சரம். பழைய கடதாசியில் ஒருதரம் அடித்துப் பார்த்தோம். மொட்டு மொட்டாகத் தெரிந்தது. "வீட்ட போய் இண்டைக்கே ஒரு கார்ட் செய்யுங்கோ அக்கா" என்றேன். அவருடைய ஒரே மகள் அப்போது பள்ளிக்கூடம்கூட முடிக்கவில்லை. ஆனாலும் அக்கா சீலை உறையோடு நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"சும்மா பிறந்தநாளுக்கெல்லாம் அடிச்சுப் பழுதாக்கவோ? பிள்ளையின்ர கலியாணம் வரட்டும், அதுவரைக்கும் இருக்கட்டும்."

ஒளிக்கிற இடம்

கிண்ணியாவிலிருந்து வருகிற நஸ்ரின் ரீச்சர் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவர். பிள்ளைகளின் கொப்பியில் அடிக்க ஒரு நட்சத்திரம் வேண்டும் என்று வருவார். போகும்போது பைக்குள் முயல், ஆமை, குடை எல்லாம் இருக்கும். அவற்றை அந்தப் பிள்ளைகள் இன்றுவரை கண்டதில்லை.

ஒருநாள் ரஜினியக்காவும் ரீச்சரும் கடையில் சந்தித்துக்கொண்டார்கள். ஒரே வருத்தம் பிடித்த நோயாளிகள் இரண்டு பேர் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து கதைக்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எங்கே வைக்கிறீர்கள் என்று அக்கா கேட்டார். ரீச்சர் சொன்ன பதிலுக்கு அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அக்கா கடைக்கு வந்தது அதுதான் கடைசித்தரம். அதனால் அந்தப் பதிலை நான் மறக்கவில்லை:

"அவர் குசினிப் பக்கம் தலை காட்ட மாட்டார். அரிசி வாளிக்குள்ளதான் வெச்சிரிக்கன்."

கடல் நிறம்

பிறகும் பார்சல்கள் வந்தன, அக்கா வரவில்லை. ஒரு மத்தியானம் சாரம் கட்டிய ஒருவர் உள்ளே வரத் தயங்கி வாசலில் நின்றார். ரஜினியக்காவின் வீட்டுக்காரர், கரைவலை இழுத்து மீன் பிடிக்கிறவர். அக்கா பெரியாஸ்பத்திரியில் என்றார். என்ன வருத்தம் என்று கேட்டேன். "கூடாத வருத்தம்" என்றார். புற்றுநோயை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நீல மைப் பெட்டி வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டிருந்தார்.

என்னிடமிருந்த நீலங்களையெல்லாம் மேசையில் பரப்பினேன். நெடுகப் பார்க்கிற எனக்கே அவற்றில் குழப்பம் வரும். அவர் ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்தார். வாசலுக்குப் போய், தெருமுனையில் தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது முகம் வாடிப்போயிருந்தது.

"கடல் நிறம் எண்டு சொல்லிவிட்டவ, தங்கச்சி. விடியக் கடலோ மத்தியானக் கடலோ எண்டு கேக்காமல் வந்திட்டன்."

வெறும் இடம்

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேள்விப்பட்டதும் நிலாவெளிக்குப் போனேன். கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். மடியில் ஒரு தட்டு, அதில் கார்ட்டுகள். தரையெல்லாம் கிழித்த உறைகள். எடுத்து வைத்த சீல்கள் எல்லாவற்றையும் பிரித்திருந்தார். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஏன் பிரித்தார் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

மல்லிகைச் சரத்தை அழுத்த அவர் கையில் பலமில்லை. மகள் தன் கையை அம்மாவின் கைக்குமேல் வைத்து அழுத்தினாள். அவள் நிமிர்ந்து ஒருவரையும் பார்க்கவில்லை. முடிந்த கார்ட் ஒன்றை அக்கா என்னிடம் நீட்டினார். கலியாண அழைப்பு. ஓரமெல்லாம் மல்லிகை, நடுவில் மகளின் பெயர். அதற்குக் கீழே வெறுமையாக இருந்தது. நான் அந்த இடத்தைப் பார்ப்பதை அக்கா கண்டுவிட்டார்.

"மாப்பிள்ளையின்ர பேரும் நாளும் விட்டிருக்கு. அதுகளை அவள் பாத்து எழுதட்டும்."

வள்ளம்

அக்காவின் முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்தபிறகு அவருடைய வீட்டுக்கார அண்ணை ஒரு பையோடு வந்தார். உள்ளே அக்காவின் சீல்கள். திருப்பி எடுக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஓம் என்று சொல்லவும் ஆயத்தமாக இருந்தேன். ஆனால் அவர் கேட்டது, இதை எப்படி அடிக்கிறது என்று. செத்தவீட்டில் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும் பாடை தூக்கிய பொடியன்களுக்கும் நன்றி சொல்லி ஒவ்வொரு கார்ட் கொடுக்க வேண்டுமாம். அக்கா இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பார் என்றார்.

கதிரையில் இருத்திக் காட்டிக்கொடுத்தேன். பையில் துழாவி ஒரு வள்ளத்தை எடுத்தார். கயிறு இழுத்துக் காய்த்த கை, மேசை ஆட அழுத்தியது. தூக்கிப் பார்த்தால் வள்ளம் தலைகீழாகப் பதிந்திருந்தது. நான் அவசரமாக வேறொரு கார்ட்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஈர மையை ஊதி ஊதிக் காயவைத்தார்.

"இருக்கட்டும் தங்கச்சி. கவிண்டுதானே கிடக்கு. உள்ளதைத்தான் அடிச்சிருக்கிறன்."

இவ்வளவையும் கண்ட பிறகும், போன கிழமைப் பார்சலில் வந்த மீன்கொத்தியை ஒருவருக்கும் காட்டாமல் எனக்கென்று மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன், உறை இன்னும் பிரிக்கவில்லை.