குழாய் சுவரோடு நின்றது

கிள்ளான் ஆற்றங்கரையில் நான் மூட்டை தூக்கிய ரப்பர் கிடங்கு மாடிக் கட்டடம். கீழே முழுவதும் சரக்கு. மேலே பாதி சரக்கு, பாதி நாங்கள். பலகை தடுத்த ஆறு அறைகளில் ஆறு குடும்பங்கள் இருந்தோம். வாடகை கிடையாது. கம்பெனி பெரிய உபகாரம் செய்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொன்னேன்.

ரப்பரில் தீப் பிடித்தால் லேசில் அணையாது. அதனால் ஒரு வருடம் புதிய விதி வந்தது. சரக்கு வைக்கும் இடமெல்லாம் கூரையடியில் தண்ணீர்க் குழாய் ஓட வேண்டும். குழாயில் அங்கங்கே சின்ன மூக்கு இருக்கும். மூக்கை ஈயம் வைத்து அடைத்திருப்பார்கள். சூடு ஏறினால் ஈயம் உருகித் தண்ணீர் தானாகக் கொட்டும். நாங்கள் அதை மழைக்குழாய் என்றோம்.

கட்டடத்தின் பழைய வரைபடத்தில் மேல்மாடி முழுவதும் சரக்கு என்றே இருந்ததாம். குழாய் போட வந்த சீனர்கள் அதைப் பார்த்து எங்கள் அறைகளுக்கு மேலேயும் ஓட்டிவிட்டார்கள். மூன்று வாரம் எங்கள் தலைக்கு மேலும் அது இருந்தது. எங்கள் பக்கத்து உத்தரங்கள் செல்லரித்தவை. தூளி கட்ட உறுதியான இடம் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த என் மனைவி, அந்தக் குழாயில் புடவையைக் கட்டி எங்கள் பெண்ணைப் போட்டாள். பிறந்து ஒன்பது மாதம். நன்றாகத் தூங்கியது.

துரையும் கணக்கெழுதும் கிராணியும் வேலையைப் பார்வையிட வந்தார்கள். தூளியைக் கண்டதும் கிராணிக்கு முகம் மாறிவிட்டது.

"யாருடா இதைக் கட்டினது?"

நான் வாசலில் நின்றேன். பேச வாய் வரவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தோட்டப் பள்ளியில் நான்காவது வரை படித்தேன். வாத்தியார் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தாலும் எழுந்து நிற்பேனே தவிரப் பேச மாட்டேன்.

"நான்தாங்க கட்டினேன்," என்றாள் மனைவி. "புள்ள தூங்குது, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

துரை சிரித்தார். பிறகு கையிலிருந்த விதிக் காகிதத்தைப் பார்த்துக் கிராணியிடம் ஏதோ சொன்னார்.

"இது சரக்கு வெக்கிற இடம் இல்ல, இங்க குழாயே தேவையில்லைங்கிறார் துரை," என்றார் கிராணி. "நீங்க தூளி கட்டி ஒடைச்சா சரக்குப் பக்கமும் தண்ணி நின்னு போயிரும். எடுத்துருவாங்க."

தூளியை அவிழ்த்துவிடுகிறோம், குழாய் இருக்கட்டும். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லைக் கோத்து வைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

மறுநாள் குழாயை அறுக்க வந்த சீனன், "சினி ஓராங் தீடோர், பாராங் தடா," என்று மலாயில் சொல்லிக்கொண்டே அறுத்தான். இங்கே ஆள்தான் தூங்குகிறது, சரக்கு இல்லை என்றான். பக்கத்து அறைக்காரன் என்னை இடித்தான்.

"நாமளும் சரக்காப் பொறந்திருக்கணும்லா அண்ணே. எடை போட்டு, முத்திரை குத்தி, மேல தண்ணியும் வெச்சுக் காப்பாத்துவான்."

எல்லாரும் சிரித்தோம்.

குழாய் இல்லாத பகுதியைச் செங்கல் சுவர் வைத்துப் பிரிக்க வேண்டும், அதில் இரும்புக் கதவு இருக்க வேண்டும் என்றும் விதி சொன்னது. அதையும் கட்டினார்கள். கதவுக்குச் சரக்குப் பக்கத்தில் பூட்டு. "தொறந்து போட்டா ரப்பர் ஷீட்டுக்குக் கால் மொளைச்சிரும்," என்று கிராணி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். எங்களுக்கு மிஞ்சியது பின்பக்க மரப்படி. அதன் அடியில்தான் எல்லாருடைய அடுப்பும்.

அடுத்த வருடம், மழையில்லாத மாதம். பகலில் மேலே சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவின் அடியிலிருந்து புகை வந்தது. யாரோ இரும்பில் அடித்தார்கள்.

"பின்படி எரியுது! கதவைத் தொறங்க!" என் மனைவியின் குரல்.

பெட்டி பிளக்கும் கடப்பாரை என் காலடியில் கிடந்தது. பார்த்தேன். ஆனால் அது கம்பெனிப் பூட்டு. கேட்காமல் உடைக்கக் கை போகவில்லை. சாவிக்கு ஆபீஸுக்கு ஓடினேன்.

துரை கிராணியிடம் பேசிக்கொண்டிருந்தார். துரை பேசும்போது தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிடும்வரை வாசலில் நிற்பது எங்கள் வழக்கம். நான் துண்டை எடுத்தேன். நின்றேன். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கிராணி நிமிர்ந்து, "என்னடா வேணும்?" என்றார். அப்போதுதான் நாக்கு அசைந்தது.

நாங்கள் ஓடி வந்தபோது கூரை வழியாகச் சூடு சரக்குப் பக்கம் வந்துவிட்டிருந்தது. மூக்குகள் திறந்து ரப்பர் மேல் தண்ணீர் கொட்டியது. சொன்னபடி நல்ல மழை. அதில் நனைந்துகொண்டு கதவைத் திறந்தோம். உள்ளே இருந்தவர்கள் தவழ்ந்து வந்தார்கள். மனைவி கடைசியில் வந்தாள். குழந்தையை மாராப்பில் சுற்றியிருந்தாள். குழந்தை உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. நெஞ்சில் புகை ஏறிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். நான்காம் நாள் போய்விட்டது.

ரப்பரை நாங்களே துடைத்துக் காயவைத்துக் கப்பலுக்கு அனுப்பினோம்.

விசாரிக்க வேறொரு துரை வந்தார். சுவர் நின்றதா, கதவு நின்றதா, குழாய் திறந்ததா என்று கேட்டு எழுதினார். எல்லாம் நின்றிருந்தது, திறந்திருந்தது. கடைசியில் என்னிடம் சொல்ல ஏதாவது உண்டா என்றார்.

அன்றைக்குப் பேசினேன். "எங்க பக்கமும் குழாய் இருந்துச்சுங்கையா. அறுத்துட்டாங்க. வேணும்னு நான் கேட்டிருக்கணும், கேக்கல."

கிராணி அதை ஆங்கிலத்தில் நாலு வார்த்தையாகச் சொன்னார். துரை தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து, "என்ன சொன்னீங்க ஐயா?" என்று கேட்டேன்.

"அங்க குழாய் கேக்கலைன்னு நீயே ஒத்துக்கிட்டேன்னு சொன்னேன். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, போ."

மனைவி பிரிக்ஃபீல்ட்ஸில் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனேன். விசாரணையில் பேசிவிட்டேன் என்றேன்.

"இப்பவா?" என்றாள்.

சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"நான் கதவைத் தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சுல்ல. சாவி கொண்டுவர ஏன் அவ்ளோ நேரம்?"

கிராணி ஆபீஸில் இல்லை, தேட வேண்டியிருந்தது என்றேன்.