சலோமி சொன்ன சாட்சி

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் சலோமிக்கு, பிரசங்கம் தொடங்கினாலே கண் சொருகிவிடும். பாட்டிலும் சபையைவிட ஒரு வரி பின்னால்தான் வருவாள். ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்காவது பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லையென்று கேள்விப்பட்டால் போதும், லீவு போட்டுவிட்டு அவர்களையும் கூட்டிக்கொண்டு அரசாங்க அலுவலகத்துக்கு மாத்தளை பஸ் ஏறிவிடுவாள். அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று கேட்டதே இல்லை.

ஒரு ஞாயிறு ஆராதனையில் போதகர் அவள் பெயரைச் சொல்லி அழைத்தார்.

"சலோமி அக்கா, இன்னைக்கு நீங்கதான் சாட்சி சொல்லணும்."

அரைத்தூக்கத்தில் இருந்தவளுக்கு 'சாட்சி' மட்டும்தான் கேட்டது. பையிலிருந்து பேனாவையும் விண்ணப்பப் படிவங்களையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"யாருக்குங்க கையெழுத்துப் போடணும்?"

சபை குலுங்கிச் சிரித்தது. ஆண்டவரைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தெரியவில்லையே என்று சலோமிக்கு முகம் சுருங்கிப்போனது.

சிரிப்பு அடங்கியபோது, கொழுந்து பறிக்கும் மரகதம் பின்வரிசையில் கூச்சத்தோடு எழுந்தாள்.

"எனக்குத்தான் அக்கா. இன்னும் அடையாள அட்டை எடுக்கல."

ஆராதனை முடிந்ததும் போதகரும் மெல்ல அருகில் வந்தார்.

"அக்கா, என்னோட சான்றிதழ்ல அப்பா பேரு பிழையா கெடக்கு. திருத்தலாமா?"

"செவ்வாக்கிழமை ஏழு மணி பஸ்ஸுக்கு வாங்க, ஐயா."

செவ்வாயன்று பஸ் நிறுத்தத்துக்கு முதலில் வந்து நின்றவர் போதகர்தான். சலோமி அவரிடம் ஒரு படிவத்தை நீட்டினாள்.

"மொதல்ல மரகதத்தோட வேலை முடியட்டும். அதுவரைக்கும் நீங்க இத நெரப்பிக்கிட்டு இருங்க."