பத்தாவது ஆள்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற சின்னப் பட்டறை என்னுடையது. நானும் மூன்று வெல்டர்களும்தான். போன வருடம் சித்திரையில், பாடி கட்ட விட்டிருந்த புது லாரியை அதன் ஓனர் திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விட்டார். "அளவு போட்டு படம் குடுங்கன்னா முழிக்கறீங்க. படமில்லாம இனி சர்ட்டிபிகேட் வாங்க முடியாதுங்க" என்றார். வண்டி நேராகப் போய் நின்றது, நான்கு பட்டறை தள்ளியிருக்கும் பழனிசாமியிடம். என் வாடிக்கைகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டவர் அவர். அவரைத் திட்டாமல் நான் காலை டீ குடித்ததில்லை.

இன்னும் இரண்டு வண்டி இப்படிப் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

இருபத்து நான்கு வருட வேலை. கண்ணால் பார்த்தே ஒரு நூல் தூக்கலா, இரண்டு நூல் இறக்கமா என்று சொல்லிவிடுவேன். பட்டறையில் எங்களுக்கு எட்டு நூல் ஒரு அங்குலம். ஆனால் காகிதத்தில் படம் போடத் தெரியாது. பதினேழு வயதில் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். அப்பா விபத்தில் படுத்துவிட, ஒன்றரை மாதத்தில் நின்றேன். அப்போது படம் வரைய வாங்கிய டி ஸ்கொயர் அளவுகோல் இன்னும் பரண்மேல் கிடக்கிறது. அந்தக் காலேஜைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை மெதுவாக விடுவேன். உள்ளே ஒரு பெஞ்சில் ஒருநாளாவது உட்கார வேண்டும். நாற்பத்தொரு வயதில் இதை யாரிடம் சொல்வது?

அதே காலேஜில், வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேர டிப்ளமோ வகுப்பு தொடங்கப்போவதாக ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்தாள் என் மனைவி சாந்தி. "ஏனுங்க, இன்னும் எத்தன நாளைக்கு அந்த கேட்டப் பாத்துக்கிட்டே போவீங்க? எழுதிக் குடுத்துட்டு வாங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது! எனக்கு அழுகை வந்துவிட்டது.

எழுதிக் கொடுத்தேன். பத்துப் பேர் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்குமாம். என்னோடு ஒன்பது. திங்கட்கிழமை கடைசி நாள். என் வெல்டர்களைக் கெஞ்சிப் பார்த்தேன், சிரித்தார்கள்.

சனிக்கிழமை ஆஞ்சநேயர் முன்னால் போய் நின்றேன். நம் சாமிக்கு மேலே கூரை கிடையாது, வெயிலும் மழையும் அவர் தலையில்தான். "உனக்குக் கூரை வேண்டாம். எனக்கு ஒரு வகுப்பறைக் கூரை வேணும் சாமி. யாராவது ஒரு ஆளை அனுப்பு. யாராயிருந்தாலும் சரி" என்று வேண்டினேன். அத்தனை கூட்டத்தில் வெட்கமில்லாமல் அழுதேன்.

திங்கட்கிழமை மாலை போனேன். "பத்தாயிருச்சுங்க, இன்னிக்கே வகுப்பு" என்றார் கிளார்க். கும்பிட்ட கையோடு வகுப்புக்குள் நுழைந்தால், கடைசி பெஞ்சில் பழனிசாமி.

அப்படியே திரும்பிவிடலாமா என்று தோன்றியது. அவர் எழுந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "அந்த ஓனரு எம் பட்டறையிலிருந்தும் வண்டிய எடுத்துட்டாருங்க. எனக்கும் படம் தெரியாதுங்களே" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் வேண்டியது அப்போதுதான் உறைத்தது. யாராயிருந்தாலும் சரி என்று கேட்டவன் நான்தானே!

அவர் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

எங்களைவிடப் பத்து வயது சின்னவரான டீச்சர், "ஒரு அங்குலம் எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே குரலில், "எட்டு நூலுங்க மேடம்" என்றோம். வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம்.

படிப்பு சுலபமாக இல்லை. ஐப்பசி மழையில் ஒரு வாரம் நான் போகவேயில்லை, போதும் என்றிருந்தது. பட்டறை வாசலில் ஹாரன் அடித்தது. பைக்கில் பழனிசாமி. "நீங்க நின்னா ஒம்போதாயிருமுங்க. ஏறுங்க" என்றார். ஏறினேன்.

இப்போது இரண்டாம் வருடம். பரண்மேலிருந்த டி ஸ்கொயர் என் மேஜைக்கு வந்துவிட்டது. போன மாதம் அந்த ஓனர் இன்னொரு வண்டியோடு வந்தார். நானே போட்ட படத்தை விரித்துக் காட்டினேன். வண்டியை விட்டுப் போனார். அந்தப் படத்தில் இருந்த ஒரு தப்பைப் பார்த்துத் திருத்தியவர் பழனிசாமி. இப்போது என் காலை டீ அவரோடுதான்.

ஏதோ ஒரு கேட்டுக்கு வெளியே வண்டியை மெதுவாக விட்டுப் போகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். கூசாமல் சாமியிடம் கேளுங்கள். அனுப்புவார். யாரை அனுப்பினாலும் பக்கத்தில் போய் உட்காருங்கள்.