வேலிக்குப் பின்னால் நின்ற மேலாளர்

கால்பந்து ஆடிய காலத்தில், கோல் அடித்ததும் ஹார்ட்முட் கிராவிங்கல் நேராக ரசிகர்கள் நின்று பார்க்கும் மேடைக்கு ஓடி, வேலியைப் பிடித்துத் தொங்குவார். பெரிய கிளப்புகள் கூப்பிட்டும் போகவில்லை. கால் ஓய்ந்ததும், அவர் ஆடிய, ஜெர்மனியின் ரூர் ஆற்றோரத்துச் சின்ன கிளப் அவரையே நிர்வாகத்தைக் கவனிக்கும் மேலாளராக்கி, கண்ணாடி அறையில் மெத்தை நாற்காலியும் போட்டுக் கொடுத்தது. ஆட்ட நாளில் அவர் அதில் உட்கார்ந்ததே இல்லை. கோட்டும் டையுமாக, கையில் சுட்ட தொத்திறைச்சியோடு, ஜெர்சி துவைக்கும் ரோஸ்விதாவின் பக்கத்தில் அதே பழைய மேடையில்தான் நிற்பார்.

தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த காலம். அன்றும் தோல்வி. “நிர்வாகமே, வெளியே போ” என்று மேடை முழுக்க ஒரே கூச்சல். தொண்டை கிழியக் கத்தியவர்களில் ஹார்ட்முட்டும் ஒருவர். கத்திய வேகத்தில் தொத்திறைச்சி மேலிருந்த கடுகுச் சாந்து கோட்டில் கொட்டியது.

ரோஸ்விதா அவர் விலாவில் இடித்தாள். “உன்னத்தான்டா சொல்றாங்க.”

“தெரியுது. சரியாத்தான சொல்றாங்க.”

“அப்போ போயிருவியா?”

“இவ்ளோ கத்துறானுங்களே, அடுத்த ஆட்டத்துக்கு ஒருத்தனாவது வராம இருப்பானா? நானும் அப்படித்தான்.”

ரோஸ்விதா கையை நீட்டினாள். “கோட்டக் கழட்டிக் குடு. திங்கக்கிழமை ஆபீசுக்குக் கறையோட போகாத.”